சிம்போசியத்துக்கு ஆப் பண்றீங்களா? ஓ.டி. ஷீட்டுல இருந்து ஆரம்பிங்க

காலேஜ் ஈவென்ட் ரெஜிஸ்ட்ரேஷன், அட்டெண்டன்ஸ் ரெண்டுக்கும் ஆப் பண்றது பத்தி நிறைய பேர் கேட்டிருக்கீங்க, அதனால இந்த தடவை பகுதி முழுக்க அதுக்கே.

கேள்வி: அண்ணா, நான் ஐடி மூணாம் வருஷம். எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு இதுவரைக்கும் கூகுள் ஃபார்ம்லதான் ரெஜிஸ்ட்ரேஷன், அட்டெண்டன்ஸ் பேப்பர்ல. இந்த வருஷம் ஹெச்.ஓ.டி. சார் ஆப் பண்ணச் சொல்லிட்டாரு. ஃபிக்மால லாகின், ஹோம், ஈவென்ட் கார்டு எல்லாம் வரைஞ்சாச்சு, அதுக்கு மேல எப்படிப் போறதுன்னு தெரியல.
*மாணவி, கோவில்பட்டி*

பதில்: வரைஞ்சதை அப்படியே வச்சிடும்மா, அப்புறம் உதவும். முதல்ல ஆபீஸ்ல போய் போன வருஷ ஓ.டி. ஷீட்டை, அதாவது ஈவென்ட்டுக்காக கிளாஸுக்கு வராதவங்களை வந்ததா எடுத்துக்கிற 'ஆன் டியூட்டி' லிஸ்ட்டை, ஒரு காப்பி வாங்கிட்டு வா. நம்ம ஊரு இன்ஜினியரிங் காலேஜ்ல ஈவென்ட் அட்டெண்டன்ஸ்னா அது ஓ.டி.க்காகத்தான், 75 சதவீதம் இல்லன்னா செமஸ்டர் எழுத விடமாட்டாங்கங்கறப்ப ஒரு பையனுக்கு அந்த ரெண்டு மணி நேரம் ஓ.டி. ஏறுச்சா இல்லையாங்கறது பெரிய விஷயம். அந்த ஷீட்டுல என்னென்ன நெடுவரிசை இருக்குன்னு பாரு: ரெஜிஸ்டர் நம்பர், பேரு, வருஷம், செக்ஷன், எந்த ஈவென்ட், எத்தனாவது ஹவர்ல இருந்து எத்தனாவது ஹவர் வரைக்கும். இந்த கடைசி நெடுவரிசையைத்தான் நிறைய ஆப்ல மறந்துடறாங்க. ஆப்ல "கலந்துகிட்டார்"னு மட்டும் இருக்கும், கிளாஸ் அட்வைசருக்கு அது உதவாது, பேப்பர் பிரசன்டேஷன் 11 மணிக்கு ஆரம்பிச்சு 12.30க்கு முடிஞ்சா அது எந்தெந்த ஹவர்னு அவருக்குத் தெரியணும். அதனால ஈவென்ட் உருவாக்குற ஸ்கிரீன்லயே நேரத்தைப் போட்டா ஹவர் தானா வர்ற மாதிரி உங்க காலேஜ் டைம்டேபிளை உள்ள வச்சிடு.

செக்ஷன் வாரியா தனித்தனி ஷீட் வரணும், ஏன்னா கையெழுத்து போடுறவர் ஒவ்வொரு செக்ஷனுக்கும் வேற. இதை முதல்ல முடிவு பண்ணிட்டா ரெஜிஸ்ட்ரேஷன் ஃபார்ம்ல என்னென்ன கேக்கணும்னு தானா தெரிஞ்சிடும், தேவையில்லாம வீட்டு அட்ரஸ், பிறந்த தேதி, பிளட் குரூப் எல்லாம் கேக்க மாட்டீங்க.

ரெஜிஸ்டர் நம்பர் விஷயத்துல ஒண்ணு. அண்ணா யுனிவர்சிட்டிக்கு கீழ இருக்கிற காலேஜ்னா அது 12 இலக்கம், முதல் 4 காலேஜ் கோடு, அடுத்த 2 சேர்ந்த வருஷம், அடுத்த 3 பிரான்ச், கடைசி 3 வரிசை எண். அதுலயே வருஷமும் டிபார்ட்மென்ட்டும் வந்துடுது, தனியா டிராப்டவுன் வச்சு கேக்க வேண்டியதில்ல, டிப்ளமோ முடிச்சு நேரா ரெண்டாம் வருஷத்துல சேர்ற லேட்டரல் என்ட்ரில வந்தவங்களுக்கு மட்டும் வருஷத்தைத் திருத்திக்க ஒரு வழி வைங்க. ரிப்போர்ட்டை சிஎஸ்வியா இறக்கி எக்ஸல்ல திறந்தா அந்த 12 இலக்கம் "3.11521 ஈ பிளஸ் 11"ங்கற மாதிரி மாறி நிக்கும், அதை அப்படியே சேவ் பண்ணிட்டா கடைசி இலக்கங்களே போயிடும், மொத்த லிஸ்ட்டும் வீண். அதனால அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட்டா வச்சு எக்ஸல் ஃபைலாவே கொடுங்க, இல்ல பிடிஎஃப் கொடுங்க.

பேருக்கு ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம்னு ரெண்டு கட்டம் வைக்காதீங்க. நம்ம பசங்களுக்கு இனிஷியல்தான், ஒருத்தர் முன்னாடி போடுவாங்க, ஒருத்தர் பின்னாடி போடுவாங்க, லாஸ்ட் நேம்ல அப்பா பேரைப் போடுறதா ஒத்த எழுத்தைப் போடுறதான்னு குழம்புவாங்க. "சர்டிபிகேட்ல உங்க பேர் எப்படி வரணும்?"னு ஒரே கட்டம், கீழயே சர்டிபிகேட் எப்படி இருக்கும்னு காட்டுங்க. ஈவென்ட் முடிஞ்சதும் பேரு திருத்தச் சொல்லி வர்ற கூட்டம் அதுலயே பெரும்பாலும் குறைஞ்சிடும்.

கேள்வி: ப்ரோ, ஹால் வாசல்ல க்யூஆர் ஒட்டி வச்சு ஸ்டூடண்ட்ஸ் ஸ்கேன் பண்ற மாதிரி பிளான். ஆனா ஒருத்தன் போட்டோ எடுத்து வாட்ஸப் குரூப்ல போட்டா ஹாஸ்டல்ல படுத்திருக்கிறவனுக்கும் அட்டெண்டன்ஸ் விழுந்துடுமே? ஜிபிஎஸ் சேர்த்தா சரியாயிடுமா, இல்ல ஃபேஸ் ரெகக்னிஷன் போகலாமா?
*இறுதியாண்டு மாணவர், சேலம்*

பதில்: விழும் தம்பி, கண்டிப்பா விழும். சுவத்துல ஒட்டின க்யூஆர் யார் வேணா எங்க இருந்து வேணா படிக்கிற ஒரு எழுத்துதான், அது யார் வந்தாங்கன்னு சொல்லாது. ஜிபிஎஸ் இதுக்குத் தீர்வு ஆகாது. திறந்த வெளில நல்ல போன்லயே சில மீட்டர் தள்ளித்தான் காட்டும், காங்கிரீட் கட்டடத்துக்குள்ள இன்னும் தள்ளிப் போகும், ஹாஸ்டல் பக்கத்து பிளாக்கா இருந்தா உள்ள இருக்கானா வெளிய இருக்கானான்னே சொல்ல முடியாது, ரெண்டாவது மாடியா மூணாவது மாடியான்னு சுத்தமா தெரியாது. அதோட ஆண்ட்ராய்டுல டெவலப்பர் ஆப்ஷன்ஸ்ல போய் பொய்யான லொகேஷன் காட்டுற ஆப் வச்சுக்கலாம், அது எல்லா பசங்களுக்கும் தெரியும். இதுல உண்மையா பாதிக்கப்படுறது யாருன்னா நிஜமா ஹாலுக்குள்ள உக்காந்திருந்து ஜிபிஎஸ் கிடைக்காம ஆப்சென்ட் ஆகுற பொண்ணுதான்.

திருப்பிப் போடுங்க. க்யூஆர் ஸ்டூடண்ட் போன்ல இருக்கட்டும், ஸ்கேன் பண்றது வாசல்ல நிக்கிற வாலண்டியர். ஸ்கேன் பண்ணதும் வாலண்டியர் ஸ்கிரீன்ல பேரும் ரெஜிஸ்டர் நம்பரும் பெரிய எழுத்துல வரணும், வந்த ஸ்டூடண்ட் கழுத்துல தொங்குற ஐடி கார்டைப் பார்த்து ஒத்துப்போகுதான்னு ஒரு பார்வை, அவ்வளவுதான். ஆள் நேர்ல வந்து நிக்கணும்னு ஆயிடுச்சுன்னா ப்ராக்ஸி, அதாவது வராதவனுக்கு அட்டெண்டன்ஸ் விழுற பிரச்சனை முக்கால்வாசி போயிடும். ஸ்கிரீன்ஷாட் கொடுத்து விடுறதையும் தடுக்கணும்னா க்யூஆரை 30 செகண்டுக்கு ஒரு தடவை மாத்துங்க, கூகுள் ஆத்தென்டிகேட்டர்ல நம்பர் மாறுதே அதே முறைதான், டிஓடிபிங்கற பேர்ல 2011லயே பொதுத் தரநிலையா வந்தது, ரெண்டு பக்கமும் ஒரே ரகசிய எண்ணும் சரியான நேரமும் இருந்தா போதும், நெட் வேண்டாம். உங்க காலேஜ் ஐடி கார்டுல லைப்ரரிக்காக பார்கோடு இருந்தா இன்னும் நல்லது, சொந்த காலேஜ் பசங்களுக்கு அதையே ஸ்கேன் பண்ணிக்கோங்க, போனே தேவையில்ல. சார்ஜ் போனவங்களுக்காக ரெஜிஸ்டர் நம்பர்ல கடைசி மூணு இலக்கம் அடிச்சு தேடுற வசதியும் அவசியம்.

ஃபேஸ் ரெகக்னிஷன் வேண்டாம்னுதான் நான் சொல்வேன். ஒரு நாள் நிகழ்ச்சிக்காக நூத்துக்கணக்கான பசங்க முகத்தை ஒரு ஸ்டூடண்ட் புராஜெக்ட் சர்வர்ல சேத்து வைக்கிறது சரியில்ல. 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயசு ஆகாதவங்க குழந்தைகள், அவங்க தகவலை எடுக்கணும்னா பெத்தவங்க சம்மதத்தைச் சரிபார்க்கிற விதத்துல வாங்கணும். ஃபர்ஸ்ட் இயர்ல 17 வயசுப் பசங்க எத்தனை பேர் இருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. விதிகள் 2025 நவம்பர்ல வந்தது, முக்கியமான கடமைகளுக்கு 18 மாசம் டைம் கொடுத்திருக்காங்க, அதனால இப்ப டிசைன் பண்றவங்க இப்பவே குறைவா வாங்கிப் பழகுறது நல்லது. போன் நம்பர் வாங்கினீங்கன்னா சர்டிபிகேட் கொடுத்து முடிச்சதும் எப்ப அழிப்பீங்கன்னு ஃபார்ம்லயே எழுதுங்க, எழுதின தேதில அழிங்க.

கேள்வி: எங்க ஆடிட்டோரியத்துல சிக்னலே வராது. போன தடவை வாசல்ல ஸ்கேன் பண்ண ஆப் சுத்திக்கிட்டே இருந்தது, வரிசை பார்க்கிங் வரைக்கும் போயிடுச்சு, கடைசில பேப்பர்லதான் எழுதினோம்.
*ஈவென்ட் கோஆர்டினேட்டர், நாகர்கோவில்*

பதில்: நெட் இல்லாமலே ஓடுற மாதிரிதான் டிசைனைத் தொடங்கணும், நெட் இருந்தா அது கூடுதல் வசதி. முந்தின நாள் ராத்திரியே முழு லிஸ்ட்டையும் வாலண்டியர் போன்ல இறக்கிடுங்க, ஆயிரம் பேர் லிஸ்ட்னாலும் சில நூறு கேபிக்குள்ள அடங்கிடும், ஒரு வாட்ஸப் போட்டோ அளவுதான். ஸ்கேன் பண்றது எல்லாம் போனுக்குள்ளயே ஓடுற எஸ்க்யூலைட்ங்கற சின்ன டேட்டாபேஸ்ல உக்காரட்டும், சிக்னல் வர்றப்ப மேல போகட்டும். ரெண்டு வாசல்ல ஒரே ஆளை ஸ்கேன் பண்ணிட்டா? ரெஜிஸ்டர் நம்பரும் ஈவென்ட் கோடும் சேர்ந்ததுதான் ஒரு என்ட்ரியோட அடையாளம்னு வச்சா ரெண்டு தடவை போனாலும் ஒரே என்ட்ரிதான் ஆகும், முதல்ல வந்த நேரத்தை வச்சுக்கோங்க. மேல போகாம எத்தனை என்ட்ரி நிக்குதுன்னு ஸ்கிரீன்ல எப்பவும் தெரியணும், இல்லன்னா வாலண்டியர் போனை எடுத்துட்டு வீட்டுக்குப் போயிடுவாரு, அந்த ஹால் பசங்க எல்லாரும் ஆப்சென்ட்.

வரிசை நீண்டதுக்கு சிக்னல் மட்டும் காரணம்னு நினைக்காதீங்க, கணக்கும் இருக்கு. ஒருத்தருக்கு 5 செகண்ட்னு வச்சா 300 பேருக்கு ஒரு போன்ல 25 நிமிஷம், மூணு போன்ல எட்டு நிமிஷம் சொச்சம். ஸ்கேன் ஆனதும் "ஓகே" பட்டனை அழுத்தச் சொல்லாதீங்க, ஒரு பீப் சத்தம், ஸ்கிரீன் முழுக்க பச்சை, அடுத்த ஆளுக்கு கேமரா ரெடி. தப்பா இருந்தா மட்டும் சிவப்புல நின்னு காரணத்தைச் சொல்லணும்: "இந்த ஈவென்ட்டுக்கு இல்ல, சி பிளாக் 204க்கு அனுப்புங்க" அப்படின்னு. "இன்வேலிட்"னு மட்டும் வந்தா வாலண்டியருக்கும் ஒண்ணும் புரியாது, வெளியூர்ல இருந்து காலைல அஞ்சு மணி பஸ் பிடிச்சு வந்த பையனுக்கும் ஒண்ணும் புரியாது.

கேள்வி: ஃபீஸ் கட்டினதுக்கு யுபிஐ ஸ்கிரீன்ஷாட் அப்லோட் பண்ணச் சொல்றோம். போலியா எடிட் பண்ணி போடுறாங்க. என்ன வழி?
*மாணவர், தஞ்சாவூர்*

பதில்: ஸ்கிரீன்ஷாட் ஆதாரமே இல்ல. அதுல இருக்கிற 12 இலக்க யுடிஆர் நம்பரை, அதாவது ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் வர்ற தனி எண்ணை மட்டும் வாங்குங்க, பணம் வந்த அக்கவுண்ட்டோட ஸ்டேட்மென்ட்ல ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் "கன்ஃபர்ம்" ஆகணும், அதுவரைக்கும் "சரிபார்க்கிறோம்"னு காட்டுங்க. ஒரே யுடிஆரை ரெண்டு ரெஜிஸ்ட்ரேஷனுக்குப் போட முடியாம தடுங்க, ஆனா நாலு பேர் டீமுக்கு ஒருத்தர்தான் பணம் அனுப்புவாங்க, அதனால தடுக்க வேண்டியது டீம் அளவுல, ஆள் அளவுல இல்ல. காலேஜ் கணக்குல பேமென்ட் கேட்வே இருந்தா இந்தத் தலைவலியே இல்ல, அக்கவுண்ட்ஸ் செக்ஷன்ல கேட்டுப் பாருங்க.

கேள்வி: பிளே ஸ்டோர்ல போடணுமா? ஈவென்ட்டுக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு.
*மாணவி, திண்டுக்கல்*

பதில்: வேண்டாம்மா. பிளே ஸ்டோர்ல அக்கவுண்ட் திறக்க 25 டாலர், 2023 நவம்பருக்கு அப்புறம் திறந்த தனிநபர் அக்கவுண்ட்னா 12 பேர் தொடர்ந்து 14 நாள் டெஸ்ட் பண்ணிக் காட்டணும், அதுக்கு மேல ரிவ்யூ வேற. ஒரு நாள் வேலைக்கு யாரும் ஆப் இன்ஸ்டால் பண்ணவும் மாட்டாங்க. ஸ்டூடண்ட்ஸ் பக்கத்துக்கு பிரவுசர்ல திறக்கிற வெப் ஆப் போதும், ஐபோன் வச்சிருக்கிறவங்களுக்கும் ஓடும். வாலண்டியர்களுக்கு மட்டும் ஏபிகே, அதாவது பிளே ஸ்டோர் இல்லாம ஆண்ட்ராய்டு போன்ல நேரா இன்ஸ்டால் பண்ற ஃபைலைக் கொடுத்துடுங்க. வெப்லயே ஸ்கேன் பண்றதா இருந்தா ஹெச்டிடிபிஎஸ் இல்லாம கேமரா திறக்காது, உன் லேப்டாப்ல லோக்கல்ஹோஸ்ட்ல ஓடும், அதே லேப்டாப்போட ஐபி அட்ரஸை போன்ல அடிச்சா ஓடாது, முந்தின நாள் ராத்திரி இதுல மாட்டிக்காத. லாகினுக்கு எஸ்எம்எஸ் ஓடிபியும் வேண்டாம், தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் விதிப்படி, எஸ்எம்எஸ் அனுப்புறவங்க பதிவு பண்ற டிஎல்டி தளத்துல நிறுவனப் பேரு, ஹெடர், டெம்ப்ளேட் எல்லாம் பதிவு பண்ணாம மெசேஜ் போகாது. ஈமெயில் ஓடிபி இல்ல கூகுள் சைன்-இன் வச்சுக்கோ.

கேள்வி: நான் உதவிப் பேராசிரியர், எங்க டிபார்ட்மென்ட் ஈவென்ட் கன்வீனர். ஆப் வந்த பிறகும் பேப்பர் ஷீட் வைக்கணுமா?
*வாசகி, மதுரை*

பதில்: வைங்க மேடம், ஹாலுக்கு ஒண்ணு, ரெஜிஸ்ட்ரேஷன் லிஸ்ட்டை பிரிண்ட் எடுத்தது. ஸ்கேன் ஆகாதவங்க மட்டும் அதுல கையெழுத்து போடட்டும். அன்னைக்கு சாயங்காலமே நீங்களோ இன்னொரு ஸ்டாஃபோ அதை ஆப்ல ஏத்தணும், ஏத்துறப்ப யார் ஏத்தினாங்க, எத்தனை மணிக்கு, ஏன்னு பதிவாகணும், அந்தப் பதிவை யாரும் அழிக்க முடியக்கூடாது, ஏன்னா பின்னாடி "என் பேரு விட்டுப்போச்சு"னு வர்ற பையனுக்கும் "அவன் வரவே இல்ல"ன்னு சொல்ற அட்வைசருக்கும் நடுவுல நீங்கதான் நிப்பீங்க. ஓ.டி. ஷீட் ஹெச்.ஓ.டி. கைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு நாள் ஸ்டூடண்ட்ஸ் அவங்கவங்க பதிவை ஆப்ல பார்த்து "இது தப்பு"ன்னு சொல்ல ஒரு பட்டன் கொடுக்கச் சொல்லுங்க உங்க பசங்ககிட்ட, கையெழுத்து ஆன பிறகு திருத்தறதுன்னா புது லெட்டர் எழுதி மறுபடி எல்லார்கிட்டயும் போகணும்.