பொழுதுபோக்காக வேதியியல் செய்பவர்களுக்குப் பாதரசம் எங்கிருந்து கிடைக்கிறது?

பாதரசம் அறை வெப்பத்திலும் திரவமாகவே இருக்கும் உலோகம். சிறிதளவு தேடுபவர்களுக்கு வழக்கமாக அகப்படுவது, காய்ச்சல் பார்க்கும் பழைய கண்ணாடி வெப்பமானி. ஒன்றில் ஏறத்தாழ 1 கிராம்தான். பாதரசப் பயன்பாட்டைக் குறைக்க 2013இல் ஏற்கப்பட்ட மினமாட்டா என்ற சர்வதேச உடன்படிக்கைக்குப் பிறகு அதுவும் அருகி வருகிறது.

உடைத்து எடுக்கலாமா? வேண்டாம் என்பேன். பாதரச அணுக்கள் தரையைப் பற்றுவதைவிடத் தமக்குள் இறுகப் பற்றிக்கொள்ளும். அதனால் சேம்பிலையில் விழுந்த மழைத்துளிபோல உருண்டோடி, சீமெந்துத் தரையின் வெடிப்புக்குள் ஒளிந்துவிடும். அங்கிருந்து மணமே இல்லாமல் ஆவியாகும். திருகோணமலையில் கடற்காற்று நின்று வெக்கை ஏறிய மத்தியானத்தில் இன்னும் வேகமாக. மூடிய குப்பிக்குள் வைத்தே பாருங்கள், அழகு குறையாது. (குப்பியைக் கையில் தூக்கினால் திகைப்பீர்கள்: தண்ணீரைவிட 13 மடங்குக்கு மேல் கனம்.)

தொட்டால்தான் விஷம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரிய ஆபத்து மூச்சோடு உள்ளே போகும் ஆவியில்தான்.