மோட்டாரை மொபைலில் போடலாமா? சிறு விவசாயிகளின் கேள்விகளும் பதில்களும்

சென்னையில் வேலை பார்த்துக்கொண்டே திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் சொந்த நிலத்தைக் கவனிப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை.

அண்ணா நகரிலிருந்து: அம்மா, உத்திரமேரூர் பக்கம் ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. சனி, ஞாயிறு மட்டுமே போக முடிகிறது. போனிலிருந்தே மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் உதவும், சிம் போட்ட மொபைல் ஸ்டார்ட்டர் வாங்கலாமா?

தாராளமாக வாங்குங்கள். மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தாலும், பாம்புக்குப் பயந்துகொண்டு டார்ச்சோடு மோட்டார் கொட்டகைக்கு யாரும் நடக்க வேண்டாம். அந்த ஒரு நிம்மதிக்கே அது தகும். ஆனால் அதில் ‘ஆட்டோ’ என்றொரு வசதி உண்டு. மின்சாரம் வந்தவுடன் மோட்டார் தானாக ஓடத் தொடங்கிவிடும். தயவுசெய்து அதை அணைத்து வையுங்கள். தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம். எத்தனை மணி நேரம் வீணாக ஓடினாலும் பில் வந்து எச்சரிக்காது. கிணறு இறங்கிய பிறகுதான் தெரியும்.

தண்ணீர் இல்லாமல் ஓடினாலோ, ஒரு முனை அறுந்தாலோ தானே நின்றுவிடும் பாதுகாப்பு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கும் முன் கொட்டகைக்குள் நின்று எந்த சிம்முக்கு சிக்னல் கிடைக்கிறது என்றும் பாருங்கள். மோட்டார் ஓடுவதாகத்தான் செய்தி வரும். வரப்பு உடைந்து தண்ணீர் வேறெங்கோ போனால் பக்கத்து நிலத்துக்காரர்தான் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அவரோடு நல்லபடியாக இருங்கள்.

அதே வாசகர்: சொட்டுநீருக்கு அரசு உதவி உண்டா?

உண்டு. சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். சிறு விவசாயி சான்றிதழை முதலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பலருக்கு அங்கேதான் தாமதமாகிறது.

ஆவடியிலிருந்து: மிளகாய் இலை சுருண்டிருந்தது. படம் எடுத்துச் செயலியில் போட்டேன். நோயின் பெயரும் மருந்தும் வந்துவிட்டன. அடித்துவிடலாமா?

பொறுங்கள். இலை எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது? ஓரங்கள் மேல்நோக்கிப் படகு போல மடங்கினால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கி மடங்கி, காம்பு நீண்டிருந்தால் மஞ்சள் சிலந்தி. இலைப்பேன் ஒரு பூச்சி; மஞ்சள் சிலந்தியோ பூச்சி இனமே அல்ல. ஒன்றுக்கான மருந்து மற்றதற்குப் பெரும்பாலும் கேட்காது. பணமும் போய், நன்மை செய்யும் பூச்சிகளும் சாகும். கொழுந்தை ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பாருங்கள். மெல்லிய கோடு போல ஊர்ந்தால் இலைப்பேன். சிலந்தியைப் பார்க்க உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். வைரஸ் நோயிலும் இலை சுருளும் என்பதால், செயலி சொல்வதைச் சந்தேகமாக மட்டும் எடுத்துக்கொண்டு 1800 180 1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணில் கேளுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். சாதாரண பட்டன் போன் போதும்.

திருவள்ளூரிலிருந்து: மண் ஈரம் பார்க்கும் சென்சார் ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்கள். அவசியமா?

ஒரு ஏக்கர் காய்கறிக்கு அவ்வளவு செலவு வேண்டாம் என்பேன். கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய எளிய ஈரங்காட்டி இருக்கிறது. மண்ணில் குத்தினால் விளக்கு எரியும்: நீலம், பச்சை என்றால் ஈரம் போதும், ஆரஞ்சு குறைவு, சிவப்பு மிகக் குறைவு. வேர் இருக்கும் ஆழத்தில் குத்துங்கள். மேல்மண் காய்ந்ததைப் பார்த்துத் தண்ணீர் விடும் பழக்கம் நம்மிடம் நிறைய.

மதுராந்தகத்திலிருந்து: மழை வரும் என்று மொபைல் சொல்கிறது, வருவதில்லை. எதை நம்புவது?

வானிலைத் துறையின் ‘மேக்தூத்’ செயலியில் செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் பயிர் ஆலோசனையோடு முன்னறிவிப்பு வரும். உரம் போடவும் மருந்து அடிக்கவும் நாள் குறிக்க அது உதவும். பெய்த மழையை மட்டும் நீங்களே அளந்துவிடுங்கள். பக்கங்கள் நேராக உள்ள டப்பா ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, தேங்கிய நீரின் உயரத்தை ஸ்கேலால் பாருங்கள். 1 மில்லிமீட்டர் என்றால் ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர். 20 மில்லிமீட்டர் பெய்த மறுநாள் மோட்டார் போடுவது எவ்வளவு வீண் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தாம்பரத்திலிருந்து: அரை ஏக்கருக்கு மருந்து அடிக்க டிரோன் வாங்கலாமா?

சொந்தமாக வேண்டாம். அக்கம்பக்கத்தினர் சேர்ந்து வாடகைக்கு எடுக்கலாம், காற்றில்லாத காலையில்.

போரூரிலிருந்து: கோயம்பேட்டு விலையைப் பார்த்துத்தான் பறிக்க வேண்டுமா?

தமிழக அரசின் ‘உழவன்’ செயலியில் சந்தை விலை இருக்கிறது, பாருங்கள். அதில் வண்டி வாடகை, கமிஷன், ஏற்று இறக்குக் கூலி மூன்றையும் கழித்து எழுதுங்கள். வெண்டையும் கீரையும் விலைக்காகக் காத்திருக்காது, முற்றிவிடும். சேனைக்கும் கருணைக்கும் சில நாள் பொறுக்கலாம்.