எருக்கங்காய்க்குள் வளரும் பழ ஈ: கேள்வி பதில்

எருக்கங்காயில் புழு இருந்தது. மாம்பழ ஈயா?

இல்லை. மா, கொய்யாவைக் கெடுப்பது பாக்ட்ரோசெரா டார்சாலிஸ். எருக்கங்காய்க்குள் வளர்வது டாகஸ் பெர்சிகஸ், 1927இல் பூச்சியியலாளர் ஹெண்டல் விவரித்த ஈ. இந்தியா, பாகிஸ்தான், ஈரான் எங்கும் உண்டு. உப்பிய காயைப் பிளந்தால் பட்டுப் பஞ்சோடு செதில் செதிலாக விதைகள் அடுக்கியிருக்கும். புழுவுக்கு அந்த இளம் விதைதான் சாப்பாடு. முற்றியதும் மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். ஒரு கூன்வண்டும் இதே விதையைத் தின்னும். அதன் புழுவுக்குப் பழுப்புத் தலை இருக்கும். ஈப்புழுவுக்குத் தலையே தெரியாது, முன்முனை கூர்ந்திருக்கும். பிளக்கும்போது எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது, கருவிழியைக் கெடுத்துவிடும்.

என் பாகல் பந்தலில் இந்த ஈயைப் பிடித்தேன். பாகலும் இதன் உணவுச் செடியா?

உட்கார்ந்த செடியெல்லாம் உணவுச் செடி ஆகாது. நிழலுக்கும் ஈ வரும். காய்க்குள்ளிருந்து ஈ பிறந்தால்தான் கணக்கு. வேறு செடி தேடுவதென்றால் எருக்கின் உறவான வேலிப்பருத்தியில் தொடங்குங்கள். காயைப் பறித்து டப்பாவில் வைத்து ஈ பிறக்கிறதா பாருங்கள்: ஒரு டப்பாவுக்கு ஒரு காய், அடியில் ஈர மணல், வாயில் வலைத்துணி. பிறந்த ஈயை உடனே கொல்லாதீர்கள். சில நாள் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நிறம் ஏறிய அப்புறம்தான் இனம் சொல்ல முடியும். பறிக்கும்போதும் பால், கண், கவனம்.

வாழைப்பழத்தைச் சுற்றும் குட்டி ஈயும் இதுதானா?

அது ட்ரோசோபிலா. வேறு குடும்பம்.

சமையலறையில் பழத்தட்டைச் சுற்றி...

மேலே சொல்லியாயிற்று.

பாகலைக் காப்பாற்ற வேலியோர எருக்கையெல்லாம் வெட்டிவிட்டோம். சரிதானே?

வெட்டியிருக்கக் கூடாது. பாகலைத் துளைப்பது சூகோடேகஸ் குக்குர்பிடே என்ற வேறொரு பழ ஈ. அதற்கும் எருக்குக்கும் சம்பந்தமில்லை. சொத்தைக் காயைப் பொறுக்கி அழியுங்கள், ஆண் ஈயை வாசனையால் இழுக்கும் கியூலூர் பொறி வையுங்கள்.

ஆனால் வெள்ளரியில் டாகஸ் வருகிறதே ஐயா! ஒரே பேரினம்தானே?

வெள்ளரியில் வருவது டாகஸ் சிலியேட்டஸ். டாகஸில் ஒரு கூட்டம் பூசணிக் குடும்பத்தையும் இன்னொரு கூட்டம் எருக்குக் குடும்பத்தையும் பிடித்துக்கொண்டது. பெயர் ஒன்றானால் வயிறும் ஒன்றாகிவிடாது. ஆஸ்திரேலியாவில் எருக்கு மேய்ச்சல் நிலத்தை மூடும் களை. அதை அடக்க இதே பெர்சிகஸ் உதவுமா என்று அங்கே ஆராய்கிறார்கள். பாகலையும் வெள்ளரியையும் தின்னும் ஈயென்றால் அந்தப் பேச்சே எழுந்திருக்காது.

அப்படியே இருந்தாலும் எருக்கு வெறும் களைதானே? போனால் என்ன?

வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு எருக்கிலையைத் தின்று வளர்கிறது. வேர் மிஞ்சியிருந்தால் துளிர்க்கும், மறுபடி வெட்டாதீர்கள்.