கேள்வி-பதில்: கரணை வாங்கும் முன் கிணற்றை எட்டிப் பாருங்கள்

கேள்வி: வெள்ளகோவில் பக்கம் மூன்று ஏக்கர் பூமி, ஒரு கிணறு, ஆறு கறவை மாடு. கைபேசியில் ஒரு விளம்பரம் வந்தது. ‘சூப்பர் நேப்பியர் விதை, ஏக்கருக்கு ஆண்டுக்கு 250 டன், எந்த வறட்சியும் தாங்கும்’ என்று போட்டு முன்பணம் கேட்கிறார்கள். வாங்கலாமுங்களா?

பதில்: வேண்டாமுங்க. இன்னும் பணம் அனுப்பவில்லை என்றால் அப்படியே நிறுத்திக்கொள்ளுங்கள். நேப்பியர் ஒட்டுப்புல்லை யாரும் விதைபோட்டு வளர்ப்பதில்லை. கம்பையும் நேப்பியர் புல்லையும் சேர்த்து உண்டாக்கிய மலட்டுப் பயிர் அது. கதிர் வந்தாலும் முளைக்கிற மணி பிடிக்காது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ-4, கோ-5 ஆனாலும் சரி, தாய்லாந்திலிருந்து வந்து சூப்பர் நேப்பியர் என்ற பெயரில் விற்கும் புல்லானாலும் சரி, கரணையோ (கணுவோடு வெட்டிய தண்டுத் துண்டு) வேர்விட்ட தூரோ நட்டுத்தான் வளர்க்க வேண்டும். பொட்டலத்தில் நேப்பியர் விதை என்று எது வந்தாலும் அது நேப்பியர் இல்லை.

அடுத்து அந்த 250 டன். பல்கலைக்கழகம் தன் ரகங்களுக்குச் சொல்லும் கணக்கே ஏக்கருக்கு ஆண்டுக்கு 150 டன் வாக்கில்தான். அதுவும் பத்து நாளைக்கு ஒரு தண்ணீர், ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் உரம் என்று குறையில்லாமல் பார்த்தால். பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் உங்கள் கிணற்றிலிருந்துதான் வரவேண்டும். வறட்சி தாங்கும் என்றால் தூர் சாகாமல் கிடக்கும் என்று பொருள். மாட்டுக்குப் புல் கிடைக்கும் என்று பொருள் இல்லை.

என்னைக் கேட்டால், புல்லைத் தேடும் முன் கிணற்றைப் பார்க்க வேண்டும். சித்திரை, வைகாசியில் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது? அந்த நீர் அரை ஏக்கருக்குத்தான் காணும் என்றால் நேப்பியரும் அரை ஏக்கர்தான். நம் பக்கம் மலை மறைவுப் பூமி. முன்பே மழை குறைவு. இப்போது அந்த மழையும் பல நாள் ஏமாற்றிவிட்டு ஒரே இரவில் கொட்டிப் போய்விடுகிறது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை மாநிலம் முழுக்க 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தபோது, மறு கோடையில் பண்டங்கன்றைச் சந்தைக்கு ஓட்டியவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆகவே மீதி நிலத்தில் கோ எஃப்எஸ்-29 என்ற தீவனச் சோளம் போடுங்கள். முதல் அறுப்பு 65 நாளில், அப்புறம் 50 நாளைக்கு ஒன்று. மிஞ்சுவதைக் காயவைத்துப் போர் போட்டால் கோடைக்கு உதவும். மானாவாரித் துண்டு இருந்தால் அங்கே கொழுக்கட்டைப் புல். ஓரமாகக் கொஞ்சம் வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனச் செடியும் வேண்டும். நேப்பியரை மட்டுமே போட்டுக்கொண்டிருந்தால் அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் மாட்டின் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடும். பயறுவகைத் தழை கலந்தால் அந்தத் தொல்லை குறையும்.

இனி கரணைக்கு வருவோம். இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவான இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 13 ஆயிரம் கரணை பிடிக்கும். கரணை ஒரு ரூபாய் என்றாலும் 13 ஆயிரம் ரூபாய், வண்டி வாடகை தனி. அவ்வளவையும் விலைக்கு வாங்குவானேன்? பக்கத்தில் நன்றாக வளர்த்திருக்கும் தோட்டத்திலோ அரசுப் பண்ணையிலோ 200 கரணை வாங்கி நட்டு, மூன்று நான்கு மாதம் அறுக்காமல் விடுங்கள். ஒவ்வொரு தூரிலும் பத்துத் தண்டுக்குக் குறையாமல் வரும். ஒவ்வொரு தண்டையும் பல துண்டாக வெட்டினால் அரை ஏக்கருக்கு வேண்டிய கரணை அதிலேயே கிடைத்துவிடும். வாங்கும்போது தண்டு மூன்று மாத முற்றலா, கரணைக்கு இரண்டு கணு இருக்கிறதா, மொட்டு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். சாக்கில் நாள்கணக்கில் அடைந்து கிடந்த கரணையில் புளித்த வாடை வரும். அதை வண்டியிலிருந்து இறக்கவே விடாதீர்கள்.

கேள்வி: மூலனூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கொரங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) புல் மெலிந்துவிட்டதென்று கடையில் கொழுக்கட்டைப் புல் விதை வாங்கி விதைத்தேன். இருபது நாளாகியும் முளைப்பு இல்லை. கடைக்காரர் மண் சரியில்லை என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: முதலில், அந்தக் கொரங்காட்டைக் கைவிடாமல் புதுப்பிக்கிறீர்களே, அதற்கே உங்களுக்கு வணக்கம். கிளுவை வேலி, வெள்வேல் மரம், அடியில் கொழுக்கட்டை. காங்கேயம் மாட்டை வளர்த்த ஏற்பாடே இதுதான். கருகிக் கிடந்தாலும் ஒரு மழைக்குத் துளிர்க்கிற புல்லுக்கு இப்போதைய வானிலையில் இணை இல்லை.

ஆனால் கடைக்காரர் மேல் பாய்வதற்கு முன் பையைப் பாருங்கள். புதிதாக உருவிய கொழுக்கட்டை விதை சில மாதம் உறங்கும். எந்த மண்ணிலும் உடனே முளைக்காது. ஆழமாகப் போனாலும் வராது. பையில் கட்டிய அட்டையில் ரகம், குவியல் எண், முளைப்புத் திறன், சோதனை செய்த நாள், காலாவதி நாள் எல்லாம் இருக்க வேண்டும். சான்று விதைக்கு நீல அட்டை, தயாரிப்பவரே தரம் குறித்து விற்கும் உண்மைநிலை விதைக்குப் பச்சை அட்டை. அட்டையே இல்லாத சாக்குப் பையா? அப்படியானால் குற்றம் விற்றவருடையதுதான்.

மீதி விதை ஒரு பிடி இருந்தாலும் கொட்டிவிடாதீர்கள். ரசீது, பை, அட்டையோடு வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகம் போய் எழுத்தில் புகார் கொடுத்து, விதை ஆய்வாளர் காட்டை வந்து பார்க்கும்படி கேளுங்கள். அந்த அறிக்கைதான் பிறகு சாட்சி. விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் சொல்லிவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம்; கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பேசிப் பாருங்கள். ரசீது வாங்கவில்லை என்றால் வழியெல்லாம் கடினமாகிவிடும். பத்து ரூபாய் குறைகிறதென்று ரசீதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

மறுபடி விதைப்பதானால் ஈர மணலில் கலந்து மேலாகத் தூவுங்கள்; அந்த விதை காற்றில் பறக்கும். மூன்று வரிசைப் புல்லுக்கு ஒரு வரிசை முயல்மசால் என்ற பயறுவகைத் தீவனச் செடி சேர்த்தால் மேய்ச்சலுக்குச் சத்து கூடும்.

கேள்வி: மழை இல்லாமல் முழங்கால் உயரத்திலேயே வாடி நிற்கும் சோளக்காட்டை, மாட்டை விட்டு மேய்த்துக்கொள்ளச் சொல்லிப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் அரை விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?

பதில்: மேய்ச்சலுக்கு வாங்கவே வாங்காதீர்கள். இளஞ்சோளம் வாடி நிற்கும்போது அதில் சயனைடு நஞ்சு ஏறும். ஒரு மழை பெய்து புதுத் துளிர் விட்டால் அதிலும் இருக்கும். தின்ற மாடு சில நிமிடத்திலேயே மூச்சுத் திணறி விழும். சோளம் பாதி பூக்கிற வரை பொறுத்து அறுப்பதுதான் வழக்கம். மழை குறைந்த ஆண்டில் அதைக் கண்டிப்பாகக் காக்க வேண்டும்.

அறுத்து வெயிலில் நன்றாகக் காயவைத்துத் தட்டாகக் கொடுப்பதானால் சயனைடு பெரும்பாலும் தணிந்துவிடும். விலை பேசும் முன் யூரியா எவ்வளவு போட்டார் என்று மட்டும் கேட்டுவிடுங்கள். அதிகம் போட்டிருந்தால் நைட்ரேட் என்ற வேறொரு நஞ்சு சேர்ந்திருக்கும். அது காய்ந்தாலும் போகாது. அப்படிப்பட்ட காட்டைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். ஏற்கெனவே மாடு வாய் வைத்துவிட்டதென்றால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காமல் அந்த நிமிடமே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். மாற்று மருந்து ஊசியாகப் போட வேண்டியது.