இலவச ஹெல்த் செயலிக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: ரத்த சர்க்கரை, தூக்கம், சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் இரண்டு வருடமாக ஒரு செயலியில் குறித்து வருகிறேன். இதுவரை காசே கேட்டதில்லை. அப்படியென்றால் என் விவரங்களை விற்றுத்தான் பிழைக்கிறார்களா?

பதில்: உங்கள் செயலி எது என்று தெரியாமல் ஆமாம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பிரைவசி பாலிசியைப் படிப்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இந்தத் தொழிலில் பணம் வரும் வழிகள் கொஞ்சம்தான்: சந்தா, டாக்டர் ஆலோசனைக்கும் மருந்து ஆர்டருக்கும் கமிஷன், ஊழியர்களுக்காக நிறுவனங்கள் கட்டும் தொகை, விளம்பரம், அப்புறம் ஆராய்ச்சிக்கென்று மருந்து கம்பெனிகளுக்கு டேட்டா தருவது. முதல் மூன்றும் கண்ணில் படவில்லை என்றால் மிச்சம் இரண்டில் ஒன்று இருக்கும், அல்லது முதலீட்டாளர் பணத்தில் இப்போதைக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, காசு கட்டினால் பிரச்சினை தீர்ந்ததா? அதுவும் இல்லை. பெட்டர்ஹெல்ப் காசு வாங்கிக்கொண்டு ஆன்லைனில் மனநல ஆலோசனை தரும் நிறுவனம். ரகசியம் காப்போம் என்று சொல்லி வாங்கிய மின்னஞ்சல் முகவரிகளையும், சேரும்போது நிரப்பிய கேள்விப் படிவத்தின் விவரங்களையும் ஃபேஸ்புக், ஸ்நாப்சாட் போன்றவற்றுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்தது என்று அமெரிக்காவில் நுகர்வோர் நலனைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம் சாட்டி, 2023ல் 78 லட்சம் டாலர் கட்ட வைத்தது. மனம் உடைந்து ஒருவர் எழுதியதை விளம்பரத்துக்குத் தீனியாக்குவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

மாறாக, 2004ல் ஏஎல்எஸ் (நரம்புகள் சிதைந்து தசைகள் செயலிழக்கும் நோய்) நோயாளி ஒருவரின் சகோதரர்கள் சேர்ந்து தொடங்கிய, நோயாளிகள் அனுபவங்களைப் பகிரும் இணையதளமான பேஷன்ட்ஸ்லைக்மீ, நோயாளிகள் பகிரும் விவரங்களை மருந்து கம்பெனிகளுக்கு விற்கிறோம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னது. அப்படிச் சொல்லிவிட்டால் சேருவதா வேண்டாமா என்று நாமே முடிவு செய்யலாம். ஆனால் நல்லவர்கள் கையில் இருக்கும் கம்பெனியும் கைமாறும். எச்சில் மாதிரியை வாங்கி மரபணு பரிசோதித்துத் தந்த 23அண்ட்மீ 2025 மார்ச்சில் திவால் மனு போட்டபோது, சுமார் 1.5 கோடி பேரின் விவரம் விற்பனைக்கு வரும் சொத்துகளில் ஒன்றாகிவிட்டது. கணக்கை அழிக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது என்று கலிஃபோர்னியா மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலே மக்களுக்கு நினைவூட்ட வேண்டி வந்தது.

ஆகவே இப்போதே உங்கள் பதிவுகளை ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வெளியேறுவதானால் போனிலிருந்து செயலியை நீக்கினால் மட்டும் போதாது, சர்வரில் இருப்பது அப்படியேதான் இருக்கும். கணக்கையும் விவரங்களையும் அழிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: பெயரை எடுத்துவிட்டுத்தானே கொடுக்கிறார்கள், அப்புறம் என்ன பயம்?

பதில்: பெயர் இல்லாவிட்டாலும் ஆளைக் கண்டுபிடிக்கலாம். பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு, இந்த மூன்றை வைத்தே அமெரிக்க மக்கள்தொகையில் 87 சதவீதம் பேரைத் தனித்தனியாக அடையாளம் காண முடியும் என்று கணினி விஞ்ஞானி லட்டான்யா ஸ்வீனி 2000ல் கணக்கிட்டுக் காட்டினார். தினமும் எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், எங்கே நடந்தீர்கள் என்பதெல்லாம் இதற்கு மேல் சேர்ந்தால் இன்னும் சுலபம். முழுப் பிறந்த தேதி கேட்கிற இடத்தில் வயது போதுமா என்று பாருங்கள், போதுமென்றால் அதை மட்டும் கொடுங்கள்.