நிலவைச் சுற்றி வட்டம் ஏன்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் மலையிலிருந்து பார்த்தபோது நிலவைச் சுற்றிப் பெரிய வட்டம் தெரிந்தது. 'அகல் வட்டம் பகல் மழை' என்கிறார் தாத்தா. வட்டத்தை உண்டாக்கும் மேகம் பூமியைச் சூடாக்கும் என்று ஆசிரியர் சொல்கிறார். மேகம் என்றால் நிழல்தானே? அத்தனை உயரத்தில் இருப்பதை எப்படி அளக்கிறார்கள்?
- கல்லூரி மாணவி, சேலம்

பதில்: முதலில் வட்டத்தையே அளந்துவிடுங்கள். கையை முழுதாக நீட்டி, விரல்களை நன்றாக விரித்து, கட்டைவிரல் நுனியால் நிலவை மறையுங்கள். சுண்டுவிரல் நுனி வட்டத்தைத் தொட்டால் ஆரம் ஏறக்குறைய 22 டிகிரி. ஆறுபக்கப் பனிப் படிகங்களுக்குள் புகுந்த ஒளி வளைந்து வெளியேறுவதால் வரும் வட்டம் அது. மேலே நிற்பது, பனிப் படிகங்களாலான மெல்லிய உயர் மேகம்; கீற்று மேகம் என்பார்கள். நிலவை ஒட்டிச் சின்னதாக நிற வளையம் தெரிந்தால், அது பெரும்பாலும் நீர்த்துளி மேகத்தின் வேலை. தாத்தா சொல்வதிலும் பொருள் உண்டு: மழை மேகக் கூட்டத்துக்கு முன்னோடியாகக் கீற்று மேகம் பரவுவது வழக்கம். ஆனால் மழையே இல்லாமலும் அது வரும்.

மெல்லிய கீற்று மேகம் வெயிலில் பெரும்பகுதியைக் கீழே விட்டுவிடும். தரையிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிரைப் பிடித்துக்கொள்ளும். நம் தலைக்கு மேல் 15 கிலோமீட்டரில் மைனஸ் 70 டிகிரிக்கும் கீழே குளிர். அவ்வளவு குளிர்ந்த மேகம் விண்வெளிக்கு அனுப்பும் வெப்பம் சொற்பம்; மிச்சம் இங்கேயே தங்குகிறது. இரவில் தடுக்க வெயிலே கிடையாது, சூடாக்குவது மட்டும்தான். மேகம் தடித்துவிட்டால் வெயிலையும் திருப்பி அனுப்பும், கணக்கு மாறும். ஆகவே உயரம், தடிமன் இரண்டும் வேண்டும்.

அதற்குத்தான் லைடார் என்னும் லேசர் அளவுக் கருவி. திருப்பதி அருகே காடங்கியில் அப்படி ஒன்று இருக்கிறது. 532 நானோமீட்டர் பச்சை லேசர் துடிப்பை மேலே அனுப்பி, எதிரொளி திரும்பும் நேரத்தை எண்ணுவார்கள். 100 மைக்ரோவினாடியில் திரும்பினால் மேகம் 15 கிலோமீட்டரில். உருண்டையான நீர்த்துளி, ஒளியின் அதிர்வுத் தளத்தை, அதாவது லேசர் ஒளி அலை அதிரும் திசையை, குலைக்காது. கோணல்மாணலான பனிப் படிகம் குலைத்துவிடும். பனியா நீரா என்று பிரிப்பது இதை வைத்துத்தான். ஏற்காட்டு மூடுபனி போன்ற தாழ்ந்த மேகம் குறுக்கே வந்தால் தரை லைடாருக்கு மேலே எதுவும் தெரியாது. அப்போது மேலிருந்து பார்க்கும் செயற்கைக்கோள்தான் கதி.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. தட்டையான படிகங்கள் தாம்பாளம் போலக் கிடைமட்டமாக மிதக்கும். லேசர் நேர்செங்குத்தாகப் பட்டால் கண்ணாடிபோல் பளிச்சென்று திருப்பி அனுப்பும்; அதிர்வுத் தளமும் குலையாது. பனி நீராகப் பதிவாகிவிடும். 2006இல் ஏவிய காலிப்சோ செயற்கைக்கோளில் நேர்கீழ்த் திசையிலிருந்து லேசரின் சாய்வு முதலில் 0.3 டிகிரிதான். 2007 நவம்பரில் அதை 3 டிகிரியாக்கிய பிறகு இந்தப் பளிச்சொளி வெகுவாகக் குறைந்தது.