ஆன் கிளிஃபோர்டின் ‘பெரும் ஓவியம்’ ஏன் மூன்று பலகைகளில் இருக்கிறது?

மூன்றாக மடங்கும் கல்யாணப் பத்திரிகை போல, நடுவே ஒன்றும் இருபுறம் ஒவ்வொன்றுமாக அமைவது முப்பலகை ஓவியம். இங்கிலாந்துப் பிரபுவின் மகளான ஆன் 1646-இல் வரையச் செய்தது அப்படியொன்று. நடுவே பெற்றோரும், சிறுவயதில் இறந்த இரு அண்ணன்களும்; அவர்களுக்குப் பின் வாரிசு நானே என்பதுதான் படத்தின் வாதம். இடப்பக்கம் 15 வயது ஆன். 1605-இல் அப்பா, சொத்தைத் தன் தம்பிக்கு எழுதிவைத்துவிட்டு இறந்தபோது அவளுக்கு அந்த வயது. வலப்பக்கம் 56 வயது ஆன். காலடியில் நாய், மேலே தாறுமாறாகக் கிடக்கும் புத்தகங்கள். அந்தக் கலைந்த அடுக்குதான் எனக்கு மிகவும் பிடித்தது: விடாமல் வாசித்த கை அது! அப்பாவின் சொத்துக்காக ஆன் வழக்காடினார்; உரிமையை விட்டுக்கொடுக்கும்படி 1617-இல் மன்னர் முதலாம் ஜேம்ஸே வற்புறுத்தியும் அவர் இணங்கவில்லை.

வழக்கில் வென்று சொத்தைப் பெற்றார் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, 1643-இல் சித்தப்பா மகன் ஆண்வாரிசின்றி இறந்ததால்தான் அது அவரிடம் வந்தது.